எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இன்னொரு அறுவை சிகிச்சை: செய்துகொள்ளலாமா, வேண்டாமா?

எடையைக் குறைக்க இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ‘ஸ்லீவ்’ சிகிச்சையைச் செய்துகொண்டு நாலைந்து வருடம் ஆனவர்களிடம் பேசினால் இரண்டு குறைகளை அடிக்கடி கேட்கலாம். ஒன்று, “குறைஞ்ச எடை திரும்ப ஏறுது.” மற்றொன்று, “ராத்திரி படுத்தா புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் வருது.” இரண்டு பேரிடமும் யாராவது ஒருவர் ‘ரீவிஷன் சர்ஜரி’ என்ற பேச்சை எடுத்திருப்பார். முன்பு செய்த எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையைத் திருத்துவது, அதை வேறொரு வகையாக மாற்றுவது, சில நேரம் பழையபடி ஆக்கிவிடுவது, எல்லாமே இந்தப் பெயருக்குள் வந்துவிடும். பெயர் ஒன்றாக இருப்பதால் முடிவும் ஒன்றுதான் என்று தோன்றும். உண்மையில் முதலாமவருக்கு அறுவை சிகிச்சை என்பது பல வழிகளில் ஒன்று. அதுவும் கடைசியாகப் பார்க்க வேண்டிய வழியாக இருக்கலாம். இரண்டாமவருக்கோ, மருந்துக்கு அடங்காத நிலையில், அதுதான் சரியான மருத்துவமாக இருக்கும்.

இந்தியாவில் அதிகம் செய்யப்படும் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை ஸ்லீவ்தான். அதனால் ஸ்லீவ் செய்துகொண்டவரை மனதில் வைத்தே பெரும்பாலும் எழுதுகிறேன். பைபாஸ் (இரைப்பையில் சின்னப் பையை மட்டும் பிரித்து நேராகச் சிறுகுடலோடு இணைப்பது) செய்துகொண்டவர்களுக்கும் பேண்ட் (இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றிப் போடும் வளையம்) போட்டுக்கொண்டவர்களுக்கும் பொருந்தும் சில செய்திகளை ஆங்காங்கே சொல்கிறேன்.

ஸ்லீவ் உடலில் என்ன மாற்றியது?

ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல், ஏறக்குறைய 75 முதல் 80 சதவீதம் வரை, நீளவாக்கில் வெட்டி எடுக்கப்படுகிறது. பை போல இருந்த இரைப்பை ஒடுங்கிய குழாயாகிவிடுகிறது. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது இதனால்தான். வெட்டி எடுக்கப்படும் மேல்பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. ஆகவே முதல் சில மாதங்கள் பசி என்பதையே பலர் மறந்துபோகிறார்கள். குடலை இந்தச் சிகிச்சை தொடுவதில்லை.

ஸ்லீவ் பிறந்த கதையைத் தெரிந்துகொள்வது இந்த முடிவுக்கு உதவும். தொடக்கத்தில் அது தனிச் சிகிச்சையாக இருக்கவில்லை. இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலையும் மாற்றியமைக்கும் ‘டியோடினல் ஸ்விட்ச்’ என்ற பெரிய அறுவை சிகிச்சையின் ஒரு பகுதியாகத்தான் இருந்தது. மிக அதிக எடையுள்ள நோயாளிகளுக்கு அந்த முழுச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் செய்வது ஆபத்தாக இருந்தது. அதனால் 2000-ஆம் ஆண்டை ஒட்டி, நியூயார்க்கில் மிஷல் காக்னே என்ற அறுவை சிகிச்சை நிபுணரும் அவருடைய குழுவினரும் அதை இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். முதலில் இரைப்பை, எடை குறைந்த பிறகு குடல். முதல் கட்டத்திலேயே பலருக்குப் போதுமான அளவு எடை குறைந்ததால், ஸ்லீவ் தனிச் சிகிச்சையாக நிலைபெற்றது. சிலருக்கு இரண்டாம் கட்டம் தேவைப்படும் என்பது ஆரம்பத்திலிருந்தே தெரிந்த விஷயம். இரண்டாவது சிகிச்சை வேண்டியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னவுடன், தான் ஏதோ தவறு செய்துவிட்டதாகக் குன்றிப்போகும் நோயாளிகளுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

எவ்வளவு ஏறினால் அதிகம்?

எந்த எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையானாலும் ஒன்றிலிருந்து இரண்டு வருடத்துக்குள் எடை அதன் அடிமட்டத்தைத் தொடும். அதற்குப் பிறகு கொஞ்சம் ஏறும். கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஏறும். 1987-இல் ஸ்வீடனில் தொடங்கி உடல் பருமன் உள்ளவர்களிடம் நீண்ட காலம் நடந்த எஸ்.ஓ.எஸ். ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பைபாஸ் செய்தவர்களுக்கு முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாக 32 சதவீதம் எடை குறைந்தது. பத்து வருட முடிவில் அது 25 சதவீதத்தில் நின்றது. பேண்ட் போட்டவர்களுக்கு 20 சதவீதம் குறைந்து, பிறகு 14 சதவீதத்துக்கு வந்தது. அப்படி ஏறிய பிறகும் அந்த நோயாளிகள் அறுவை சிகிச்சை செய்துகொள்ளாதவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள், அவர்களிடையே இறப்பும் குறைவாக இருந்தது.

ஆனால் வீட்டுக் கண்ணாடி முன் நிற்பவர் பத்து வருடச் சராசரியோடு தன்னை ஒப்பிடுவதில்லை. தன் வாழ்க்கையின் மிகக் குறைந்த எடையோடுதான் ஒப்பிடுகிறார். அங்கிருந்துதான் கலக்கம் தொடங்குகிறது. எனவே முதலில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

120 கிலோவில் சிகிச்சைக்குப் போன ஒருவர் 84 கிலோ வரை இறங்கினார் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 36 கிலோ, அதாவது தொடக்க எடையில் 30 சதவீதம். இப்போது 92 கிலோ இருக்கிறார். “எட்டு கிலோ ஏறிட்டேன்” என்று அவர் வருந்துவார். ஆனால் குறைந்த 36 கிலோவில் திரும்பி வந்தது 22 சதவீதம்தான். தொடக்க எடையிலிருந்து பார்த்தால் இன்னும் 28 கிலோ, 23 சதவீதம், குறைவாகவே இருக்கிறார். இது எதிர்பார்க்கக்கூடிய ஏற்றம். உணவையும் உடற்பயிற்சியையும் சரிபார்க்கலாம், மருத்துவரைப் பார்க்கலாம். இந்த எட்டு கிலோவுக்காக மட்டும் இன்னொரு அறுவை சிகிச்சை மேசையில் ஏறுவது சரியில்லை என்பது என் கருத்து.

அதே 84 கிலோவிலிருந்து 106 கிலோவுக்கு வந்தவர் நிலைமை வேறு. குறைந்ததில் 61 சதவீதம் திரும்பிவிட்டது. கூடவே, நின்றுபோன சர்க்கரை மாத்திரையை மறுபடி தொடங்க வேண்டி வந்தது, தூக்கத்தில் மூச்சுத் திணறல் திரும்பியது என்றால் விஷயம் இன்னும் தீவிரம். இதற்கு அளவுகோல்கள் பல இருந்தன. 2024-இல் உலக அளவில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நிபுணர்கள் கூடி ஓர் இணக்கத்துக்கு வந்தார்கள். அதன்படி, முதலில் குறைந்த எடையில் 30 சதவீதத்துக்கு மேல் திரும்பினாலோ, எடையோடு சேர்ந்து குறைந்திருந்த நோய் மறுபடி மோசமானாலோ அதைக் கவனிக்க வேண்டிய பின்னடைவாகக் கொள்ளலாம். தொடக்கத்திலிருந்தே மொத்த எடையில் 20 சதவீதம்கூடக் குறையவில்லை என்றால் அது தனி வகை. அவர்களுக்குச் சிகிச்சையின் பலனே போதவில்லை என்று பொருள்.

உங்கள் கணக்கில் மூன்று எண்கள் வேண்டும்: சிகிச்சை அன்றைய எடை, அதன் பிறகு தொட்ட மிகக் குறைந்த எடை, இன்றைய எடை. மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் இந்த மூன்றையும், அவற்றுக்குரிய மாதம் வருடத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எடை மெல்ல மெல்ல ஏறியதா, ஏதோ ஒரு மாதத்திலிருந்து சட்டென்று ஏறியதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஏன் ஏறியது?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் அறுவை சிகிச்சைத் தேதி குறிக்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். காரணம் குழாயில் இருந்தால் குழாயைத் திருத்துவதில் அர்த்தம் இருக்கிறது. காரணம் வேறெங்கோ இருந்தால், புதிதாகப் போட்ட குழாயையும் அதே காரணம் சில வருடங்களில் தோற்கடித்துவிடும்.

உடலமைப்புக் காரணம் என்றால், ஸ்லீவ் குழாய் காலப்போக்கில் விரிந்திருக்கலாம். முதல் சிகிச்சையிலேயே மேல்பகுதி முழுதாக வெட்டப்படாமல் பை போல மிஞ்சியிருக்கலாம். பைபாஸ் செய்தவர்களுக்கு இரைப்பைக்கும் குடலுக்கும் இடையே தைத்த வாய் அகன்றிருக்கலாம், அல்லது பிரித்து வைத்த பழைய இரைப்பையோடு மறுபடி ஒரு துளை வழியாக இணைப்பு ஏற்பட்டிருக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: குழாய் கொஞ்சம் விரிவது எல்லோருக்கும் நடப்பது. ஸ்கேனில் ‘விரிந்திருக்கிறது’ என்று வந்துவிட்டதாலேயே எடை ஏறியதற்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.

அடுத்து, மருந்துகள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை, இன்சுலின், கிளிமிபிரைடு போன்ற சில சர்க்கரை மாத்திரைகள், ஒலான்சபின் போன்ற மனநல மருந்துகள், வலிப்புக்குத் தரும் வால்புரோயேட், நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின் ஆகியவை எடையை ஏற்றக்கூடியவை. எடை ஏறத் தொடங்கிய மாதமும் ஒரு புது மாத்திரை தொடங்கிய மாதமும் ஒன்றாக இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பெரும்பாலும் மாற்று மருந்து உண்டு. ஆனால் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். தைராய்டு குறைபாடு, மகப்பேறு, மாதவிடாய் நின்றுபோகும் காலம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும்.

உணவுக்கு வருகிறேன். இதில் நம் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். ஸ்லீவ் குழாய் கெட்டியான உணவைத்தான் தடுக்கும். ஒரு கிண்ணம் சுண்டலோ நாலு துண்டு கோழிக்கறியோ சாப்பிட்டால் வயிறு கெட்டியாக நிறைந்து, போதும் என்று சொல்லிவிடும். பாயசமோ ஐஸ்கிரீமோ பழச்சாறோ அப்படித் தங்குவதில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். காபியில் நனைத்த பிஸ்கட், குழைந்த தயிர்சாதம், வாயில் போட்டதும் கரையும் மிக்சர், எல்லாம் இந்த ரகம்தான். ஒரு நேரத்தில் அளவு கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் காலை பத்து மணிக்கு ஒரு முறை, பதினொன்றரைக்கு ஒரு முறை, மதியம் மூன்றுக்கு ஒரு முறை என்று நாள் முழுக்கக் கொறித்தால் மொத்தக் கலோரி சிகிச்சைக்கு முந்தைய காலத்தை நெருங்கிவிடும். “நான் ரெண்டு இட்லிக்கு மேல சாப்பிடறதே இல்ல, எப்படி ஏறுது?” என்று கேட்பவர் பொய் சொல்லவில்லை. உட்கார்ந்து சாப்பிடும் வேளைகளை மட்டும் அவர் எண்ணுகிறார், அவ்வளவுதான். மதுவும் இதில் சேரும். அதில் கலோரி நிறைய. அதோடு இந்தச் சிகிச்சைகளுக்குப் பிறகு, குறிப்பாக பைபாஸுக்குப் பிறகு, மது வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது, அதற்கு அடிமையாகும் ஆபத்தும் கூடுகிறது.

புரதம் குறைவதும் பசியைக் கிளப்பும். பொதுவாக ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்பார்கள். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான். சோறும் குழம்பும் ரசமும் மட்டுமே உண்ணும் சைவர் ஒருவர், சிறிய இரைப்பையை வைத்துக்கொண்டு, திட்டமிடாமல் 60 கிராமைத் தொடவே முடியாது. இதை டயட்டீஷியன் ஒருவரோடு உட்கார்ந்து ஒரு வாரச் சாப்பாட்டை எழுதிப் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும்.

மனச்சோர்வு, இரவில் எழுந்து சாப்பிடுவது, கட்டுப்பாட்டை இழந்து ஒரேயடியாகச் சாப்பிடும் பழக்கம் ஆகியவற்றுக்குத் தனியாகச் சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால், தன் மேல் சந்தேகப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்டோஸ்கோபி குழாயைப் பார்ப்பதுபோல் அது இன்னொரு பக்கத்தைப் பார்க்கும் பரிசோதனை.

இத்தனைக்கும் மேலாக, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் எடை ஏறுபவர்கள் இருக்கிறார்கள். எடை குறைந்தவுடன் உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. ஓய்வாக இருக்கும்போது எரிக்கும் கலோரி குறைகிறது, பசி ஹார்மோன்கள் மெல்லத் தலைதூக்குகின்றன. உடல் பருமன் ஒரு நாள்பட்ட நோய். சர்க்கரை நோயாளிக்குச் சில வருடம் கழித்து மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டி வந்தால் நாம் அவரைத் திட்டுவதில்லை. இவர்களைத்தான் “அவ்வளவு செலவு பண்ணியும் நாக்கைக் கட்டத் தெரியலையே” என்று கல்யாண வீட்டுப் பந்தியிலேயே பேசுகிறோம். இந்தப் பேச்சுக்கு அஞ்சி, ஏறிய எடையோடு மருத்துவர் முன் போய் நிற்கவே கூசி, பரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிடுகிறவர்கள் பலர். பத்து கிலோவில் பிடித்திருக்க வேண்டியதை முப்பது கிலோவில் பிடிக்க வேண்டி வருவது அப்படித்தான்.

நெஞ்செரிச்சல் என்றால் கணக்கு வேறு

இப்போது அந்த இரண்டாமவர். ஸ்லீவ் குழாய் ஒடுங்கியது, அதற்குள் அழுத்தம் அதிகம். கீழே குடலுக்குப் போகும் வாசல் இறுக்கமாகவே இருக்கிறது. மேலே உணவுக்குழாயைக் காக்கும் தசை வளையம் சிகிச்சையில் பலவீனப்பட்டிருக்கலாம். விளைவாக அமிலம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. இதைத்தான் எதுக்களிப்பு என்கிறோம். பின்லாந்தில் 240 பேரிடம் ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்ட ஸ்லீவ்பாஸ் ஆய்வில், பத்து வருடம் கழித்து எண்டோஸ்கோபி செய்தபோது ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாயில் அமிலப் புண் இருந்தது. பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது.

முதலில் செய்ய வேண்டியது மருந்துதான். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, இரவுச் சாப்பாட்டை முன்னதாக முடிப்பது, தலைமாட்டை உயர்த்திப் படுப்பது. பெரும்பாலானோருக்கு இதிலேயே அடங்கும். அடங்காமல், தினமும் மாத்திரை போட்டும் இரவில் இருமி எழுந்தால், அல்லது எண்டோஸ்கோபியில் புண் தொடர்ந்து தெரிந்தால், ஸ்லீவை ‘ரூ-என்-ஒய்’ பைபாஸாக மாற்றுவது நன்கு நிலைபெற்ற சிகிச்சை. அதில் உணவுக்குழாய்க்குக் கீழே சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை மட்டும் இருக்கும். அமிலம் சுரக்கும் பகுதி பெரும்பாலும் கீழே ஒதுக்கப்பட்டுவிடும். உணவு நேராகச் சிறுகுடலுக்குள் போவதால் அழுத்தமும் இறங்கிவிடும். உதரவிதானத்தில் குடலிறக்கம் இருந்தால் அதையும் அதே நேரத்தில் தைத்துவிடுவார்கள்.

இங்கே எந்த பைபாஸ் என்பதும் முக்கியம். ‘மினி பைபாஸ்’ என்று அழைக்கப்படும் ஒற்றை இணைப்பு பைபாஸ் எளிதானது, எடையும் நன்றாகக் குறைக்கும். ஆனால் அதில் பித்தநீர் மேலே ஏற வாய்ப்பு உண்டு. எதுக்களிப்புக்காகவே ரீவிஷன் செய்துகொள்பவருக்கு அது பொருத்தமான தேர்வு அல்ல. விரிந்த ஸ்லீவை மறுபடி வெட்டிச் சிறிதாக்குவதும் அவருக்கு உதவாது. அழுத்தம் இன்னும் கூடத்தான் செய்யும்.

சில அறிகுறிகளுக்கு யோசிக்க நேரமே இல்லை. தண்ணீர்கூட இறங்காத வாந்தி, கருப்பாகப் போகும் மலம், பைபாஸ் செய்தவருக்குத் திடீரென்று வரும் கடும் வயிற்று வலி ஆகியவற்றுக்கு அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். நாள்கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் தயமின் எனப்படும் பி1 வைட்டமின் தீர்ந்து மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம். அதனால் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் ‘எனக்கு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, தயமின் வேண்டியிருக்கும்’ என்று அங்கிருக்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பேண்ட் நழுவியிருந்தாலோ, இரைப்பைச் சுவரைத் துளைத்து உள்ளே போயிருந்தாலோ அதை எடுத்தே ஆக வேண்டும்.

முடிவுக்கு முன் வேண்டிய பரிசோதனைகள்

முதலில் தேடி எடுக்க வேண்டியது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியும் அறுவை சிகிச்சைக் குறிப்பும். என்ன செய்தார்கள், எவ்வளவு வெட்டினார்கள், அப்போது ஏதாவது சிக்கல் வந்ததா என்பது தெரியாமல் இரண்டாம் முறை வயிற்றுக்குள் போவது எந்த நிபுணருக்கும் கடினம். மருத்துவமனை மாறியிருந்தாலும் பழைய இடத்தில் நகல் கேட்டு வாங்கலாம். அது உங்கள் உரிமை.

பிறகு எண்டோஸ்கோபி. அதோடு பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன், குழாயின் வடிவத்தையும் கொள்ளளவையும் காட்டும். எதுக்களிப்புப் புகார் இருந்தால் 24 மணி நேர அமில அளவீடும், உணவுக்குழாய் அழுத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். ரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, டி வைட்டமின், கால்சியம், ஆல்புமின், தைராய்டு, சர்க்கரை. இதில் குறைபாடு தெரிந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இரும்புச்சத்து குறைந்த நிலையில் ஒருவர் பைபாஸுக்குப் போனால் நிலைமை மோசமாகும். ஏனென்றால் இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படும் முன்சிறுகுடலைத்தான் பைபாஸ் ஒதுக்குகிறது.

புகைப்பவர் நிறுத்தியாக வேண்டும். பைபாஸ் தையல் ஓரத்தில் புண் வருவதற்குப் புகை ஒரு பெரிய காரணம். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் சாப்பிட்டே ஆக வேண்டிய நிலையில் இருப்பவரும் பைபாஸுக்கு முன் அதை வெளிப்படையாகப் பேச வேண்டும். அந்த மாத்திரைகளும் அதே புண்ணைக் கொண்டுவரும்.

இரண்டாம் முறை என்ன கிடைக்கும், என்ன ஆபத்து?

எடைக்காக மட்டும் செய்யும் ரீவிஷனில் முதல் முறை குறைந்த அளவுக்குக் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். பொதுவாகக் குறைவாகவே குறைகிறது. ஸ்லீவிலிருந்து ரூ-என்-ஒய் பைபாஸுக்கு மாறினால் எதுக்களிப்பு நன்றாகத் தீரும், எடைக் குறைவு மிதமாகத்தான் இருக்கும். டியோடினல் ஸ்விட்ச்சுக்கோ, அதன் எளிய வடிவமான சாடி சிகிச்சைக்கோ மாறினால் எடை அதிகம் குறையும். அதற்கு விலையாக அடிக்கடி வயிற்றுப்போக்கும், புரதம், இரும்பு, டி வைட்டமின் போன்றவற்றின் பற்றாக்குறையும் வரலாம். வாழ்நாள் முழுதும் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் தவறாமல் தொடரக்கூடியவருக்கே அது பொருந்தும். மாத்திரையை மறப்பவர், ஊர் மாறிக்கொண்டே இருப்பவர், பரிசோதனைக்கு வர வசதியில்லாதவர் ஆகியோர் இந்த வகையைத் தவிர்ப்பது நல்லது என்றே நினைக்கிறேன்.

ஆபத்தும் முதல் முறையைவிடக் கூடுதல். உறுப்புகள் தழும்பில் ஒட்டிக்கிடக்கும், பழைய தையல் வரிசை குறுக்கே வரும், ரத்த ஓட்டம் முன்போல் இருக்காது. அதனால் தையல் கசிவு, ரத்தப்போக்கு, நோய்த்தொற்று, மறுபடி திறக்க வேண்டிய நிலை ஆகிய எல்லாமே கொஞ்சம் அதிகம். அனுபவமுள்ள குழுவிடம் பெரும்பாலானோர் நல்லபடியாகவே வீடு திரும்புகிறார்கள். ஆனால் அந்த அனுபவத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வருடத்துக்கு எத்தனை ரீவிஷன் செய்கிறீர்கள், என் காரணத்துக்கு இந்த வகையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், செய்யாமல் விட்டால் என்ன ஆகும், சிக்கல் வந்தால் நள்ளிரவில் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடம் அவசரப்பட்டுத் தேதி வாங்காதீர்கள். இன்னொரு நிபுணரின் கருத்தையும் கேளுங்கள்.

பைபாஸுக்கு மாறிய பிறகு நிரந்தரமாக மாறிவிடும் சில விஷயங்களும் உண்டு. ஒதுக்கப்பட்ட பழைய இரைப்பையைச் சாதாரண எண்டோஸ்கோபியால் பார்க்க முடியாது. பித்தக்குழாயில் கல் வந்தால் அதை வாய் வழியாக எடுப்பது சிக்கலாகிவிடும். இனிப்பு சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வரலாம். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை தள்ளிப்போடச் சொல்வார்கள். இந்த வரிசையையும் சேர்த்து முடிவெடுங்கள்.

கத்திக்கு முன் இருக்கும் வழிகள்

பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகள் வந்த பிறகு இந்த முடிவின் நிறமே மாறிவிட்டது. டிர்செபடைடு மருந்து ‘மவுன்ஜாரோ’ என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், செமாகுளுடைடு ‘வெகோவி’ என்ற பெயரில் 2025 ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. அறுவை சிகிச்சை செய்தும் போதிய பலன் கிடைக்காதவர்களிடம், இதே குடும்பத்தின் பழைய மருந்தான லிராகுளுடைடை இங்கிலாந்தில் சோதித்தார்கள். 2023-இல் வந்த முடிவின்படி, 24 வாரத்தில் மருந்து போட்டவர்களுக்குச் சராசரியாக 9 சதவீதத்தை ஒட்டி எடை குறைந்தது. வெறும் ஊசி போட்டவர்களுக்கு ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. புதிய மருந்துகள் லிராகுளுடைடைவிட வலுவானவை.

குறைகளும் உண்டு. நிறுத்தினால் எடை திரும்பும். செமாகுளுடைடை நிறுத்தியவர்களுக்குக் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பியது. மாதச் செலவு பல குடும்பங்களுக்குப் பாரம். குமட்டல் வரும். ஏற்கெனவே கொஞ்சமாகச் சாப்பிடுபவர் இன்னும் குறைத்தால் தசை கரையும். கர்ப்ப காலத்தில் போடக் கூடாது. தைராய்டு மெடுல்லரி புற்றுநோய் குடும்பத்தில் இருந்தவர்களுக்கும் ஆகாது. முக்கியமாக, எதுக்களிப்புக்கு இது மருந்தல்ல. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால் தொந்தரவு கூடவும் செய்யலாம்.

இருந்தும், பரிசோதனையில் உடலமைப்புக் கோளாறு எதுவும் தெரியவில்லை, எதுக்களிப்பும் இல்லை, எடை மட்டுமே ஏறியிருக்கிறது என்றால், டயட்டீஷியன் உதவியோடு ஆறு மாதமாவது ஊசி மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் முயன்று பார்ப்பதே முதல் படி என்பேன். ஊசியை நிறுத்திவிடலாம். மாற்றித் தைத்த குடலைப் பழையபடி ஆக்குவது அவ்வளவு சுலபம் இல்லை. பைபாஸ் வாய் அகன்றவர்களுக்கு, வெட்டாமல் எண்டோஸ்கோபி வழியாகவே தைத்துச் சுருக்கும் முறையும் சில பெரிய மையங்களில் இருக்கிறது.

காப்பீடு

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிப்படி, உடல் பருமன் அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடைக்கச் சில நிபந்தனைகள் உண்டு. வயது 18 நிறைந்திருக்க வேண்டும், பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது குறைந்தது 35 இருந்து, கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை போன்றவை இருக்க வேண்டும். மருத்துவ வழிகாட்டுதலோ ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. ஆக, மருத்துவர் தேவை என்று சொல்லும் சிகிச்சைக்குக் காப்பீடு மறுக்கப்படும் இடைவெளி ஒன்று இருக்கிறது. பாதி எடை குறைந்த நிலையில் ரீவிஷனுக்கு வருபவர் அந்த இடைவெளியில் எளிதாக விழுந்துவிடுவார். எடைக்காக என்று எழுதுவதும், எதுக்களிப்புப் புண் என்ற சிக்கலுக்காக என்று எழுதுவதும் நிறுவனத்தின் பார்வையில் வேறு வேறு. உண்மையான காரணம் எதுவோ அதை, எண்டோஸ்கோபி அறிக்கையோடு தெளிவாக எழுதித் தரச் சொல்லி, அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தால்

அதுவும் முழுமையான ஒரு முடிவுதான். ஆனால் பரிசோதனைகளை விடக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை, பி12, இரும்பு, டி வைட்டமின் மாத்திரைகள் ஆகியவை தொடர வேண்டும். எண்டோஸ்கோபியும் வேண்டும். பின்லாந்து ஆய்வில் ஸ்லீவ் செய்தவர்களில் 4 சதவீதம் பேருக்கு, அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உள்தோல் மாறும் ‘பேரட்’ என்ற நிலை தெரிந்தது. பைபாஸ் செய்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். நாளடைவில் சிலருக்கு இது புற்றுநோயாக மாறலாம். எரிச்சலே இல்லாதவருக்கும் இது வரக்கூடும். அதனால்தான் ஸ்லீவ் செய்துகொண்டவர்கள் முதல் வருட முடிவில் ஒரு முறையும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறையும் எண்டோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும் என்று சர்வதேச எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக் கூட்டமைப்பு பரிந்துரைக்கிறது. ஸ்லீவ் செய்து மூன்று வருடம் தாண்டியும் இதுவரை ஒரு முறைகூடச் செய்யவில்லை என்றால், எடை ஏறியிருந்தாலும் ஏறாவிட்டாலும், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது முதலில் அதைக் கேளுங்கள்.